கிடாரத்துக்குள் பீமனின் கை

"படத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் நான் வேலை செய்த கார்ட்டூன் ஸ்ரூடியோவின் முதலாளி இந்த வசனத்தைச் சொல்லாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. படம் மூச்சு விடுமாம். விடட்டும். நான் மூச்சுவிட ஒரு ஐந்து நிமிடம் தந்தாரா என்றால் அதுதான் இல்லை.

ஸ்பெடைனா வீதியில், முன்பு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையாக இருந்த பழைய கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் ஸ்ரூடியோ இருந்தது. நான் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து, ரயில் எடுத்து, பிறகு பனிக்குள் நடந்து போய்ச் சேர்வேன். பென்சிலால் கீறியதை ஸ்கானரில் வைத்து, கொம்பியூட்டருக்குள் ஏற்றி, நிறம் தீட்டி, அசைய வைப்பது என் வேலை. அதுவரைக்கும் பற்பசை விளம்பரத்துக்குச் சிரிக்கிற பல்லும், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சீரியல் விளம்பரத்துக்குக் குதிக்கிற முயலும் செய்துகொண்டிருந்தேன். அம்மா ஆரையாவது சந்தித்தால், "பிள்ளை கொம்பியூட்டரில வேலை" என்று மட்டும் சொல்லுவார். முயலைப் பற்றி மூச்சுக் காட்டமாட்டார்.

அப்படியிருக்கத்தான் பாலித் தீவுக்காரி ஒருத்தி எங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்து சேர்ந்தாள். என் வயதுதான். கிராஃபிக் டிசைன் படிக்க வந்து, இங்கேயே நின்றுவிட்டவள். வரும்போதே தோளில் ஒரு நீளத் துணிச்சுருளோடு வந்தாள். அவளுடைய பெரியப்பா வரைந்தது. மேசைகளை ஒதுக்கி நிலத்தில் அதை விரித்தபோது, பெரிய உடம்பையும் கதாயுதத்தையும் கண்டு என் வாய் தன்பாட்டில் "அட, பீமன்!" என்றது.

பீமன்தான். பாண்டு மகாராசா மான் என்று நினைத்து ஒரு முனிவரைக் கொன்ற பாவத்துக்காக நரகத்தில் கிடந்து வேகிறார். குந்தி அழுகிறாள். "நான் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று பீமன் நரகத்துக்கு வெளிக்கிடுகிறான். காவல்காரரை அடித்து நொறுக்கி, ஆளையே போட்டு அவிக்கிற பெரிய பாத்திரமான கிடாரத்துக்குள்ளிருந்து தகப்பனை எடுக்கிறான். பிறகு தேவலோகம் ஏறி, தகப்பனுடைய உயிர் கரைசேர வேண்டிய தீர்த்தத்தையும் சண்டைபோட்டு வாங்குகிறான். துணியைக் காட்டி அவள் சொன்ன கதை இதுதான். இப்படி ஒரு கதை நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, கோயிலில் பாரதப் படிப்பு ஒரு வருடமும் தவறவிடாத அம்மா, "உப்பிடி ஒண்டும் பாரதத்தில இல்லை, ஆரோ உனக்குச் சுத்தியிருக்கினம்" என்றார்.

துணியின் ஒரு பிரதியைக் குசினி மேசையில் விரித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பாலியில் பீமனுக்குக் கறுப்பும் வெள்ளையும் சதுரம் சதுரமாகப் போட்ட துணிதான் உடுப்பு. பெருவிரலில் கத்தி மாதிரி ஒரு நகம்.

"என்ன பிள்ளை இது, பீமனுக்குச் சாரம் கட்டி விட்டிருக்கினம்? அப்பாவின்ர சாரம் மாதிரியெல்லோ கிடக்கு," என்று, அப்பா வீட்டில் இடுப்பில் கட்டுகிற சதுரம் போட்ட லுங்கியை நினைத்து அம்மா சிரித்தார். அப்பாவைப் பற்றி அவர் சிரித்துக் கதைத்ததைக் கேட்டு நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார், உலகக் கதைகள் என்று பிள்ளைகளுக்கு ஒரு தொடர் போட இருந்தார்கள். அதில் ஒரு குறும்படமாக இதைச் செய்ய முதலாளி ஒப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் கரைச்சல்.

அந்த ஓவியத்தில் வெறும் இடம் என்று ஒன்று இல்லை. ஆட்களுக்கு நடுவில் எங்கே இடைவெளி வந்தாலும் சின்னச் சின்ன மேகச் சுருள்களால் நிரப்பி இருப்பார்கள். "காற்று வெறுமையானது என்று யார் சொன்னது? அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்," என்பாள் அந்தப் பாலித் தீவுக்காரி, அதற்குள் என் தோழியாகிவிட்டவள். முதலாளி வந்து பின்னால் நிற்பார். கோப்பியை ஒரு மிடறு குடிப்பார். "மிக அழகு. ஆனால் மூச்சுவிட இடம் வேண்டும்" என்பார். நாங்கள் மேகத்தை அழிப்போம். அவர் போனதும் திரும்பப் போடுவோம். அடுத்த நாள் வந்து திரும்பவும் கோப்பி, திரும்பவும் மூச்சு.

அது போகட்டும். துணியில் பீமன் ஒரு இடத்தில் மட்டும் இல்லை. நரக வாசலில் நிற்கிற பீமன், காவல்காரனுடைய மயிரைப் பிடிக்கிற பீமன், கிடாரத்துக்குள் கையை விடுகிற பீமன் என்று ஒரே துணியில் அத்தனை பீமன். கதை நடந்து போவதில்லை, பார்க்கிறவருடைய கண்தான் நடந்து போகவேண்டும். முதலாளி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சகோதரர்களில் யார் கதாநாயகன்?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எல்லாரும் ஒரே ஆள் என்று தோழி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். "பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அழித்துவிடுங்கள்," என்றார் அந்த மனிதர். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்கிறீர்கள். இந்த ஊரில் கழுத்தை அறுத்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள்.

நானும் அவளும் ஒரு முடிவுக்கு வந்தோம். துணி முழுதாக அப்படியே இருக்கும். எல்லாப் பீமன்களும் ஓவியமாக அசையாமல் நிற்பார்கள். கதை எந்த இடத்துக்கு வருகிறதோ, அந்த இடத்துப் பீமன் மட்டும் கண் விழிப்பான். தன் வேலையைச் செய்வான், பிறகு ஓவியமாகிவிடுவான். அடுத்தவன் விழிப்பான். ஓடவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம், துணிக்குள் கமெராவைப் பறக்க விடவும் வேண்டாம். இதை முதலாளிக்கு விளங்க வைக்க ஒரு குளிர்காலம் போனது. ஒருமாதிரித் தலையாட்டினார்.

அப்பாடா என்று இருக்க விட்டதா? சாண் ஏற முழம் சறுக்கியது. கொம்பியூட்டரில் வடிவாக நின்ற பீமனுடைய சதுரத் துணி, ரி.வி.யில் போட்டதும் எறும்பு மொய்த்தது போல் ஊரத் தொடங்கியது. ரி.வி. படத்தைக் கோடு கோடாகப் போடுகிற சாமான். சின்னச் சதுரங்கள் அசைந்தால் அதற்குப் பிடிக்காது. பார்க்கவே கண் வலித்தது. "முழுக்கக் கறுப்பாக்கிவிடுங்கள்," என்றார் முதலாளி. தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்களுக்கு அந்தத் துணியில் கறுப்பும் வேண்டும், வெள்ளையும் வேண்டும். நல்லதும் கெட்டதும் இரண்டும் சேர்ந்து நிற்கிற இடத்தில்தான் அதைக் கட்டுவார்களாம். கறுப்பை மட்டும் கட்டினால் அது பீமனே இல்லை என்றாள். எனக்கு அந்தத் தத்துவமெல்லாம் பிறகு. எனக்கு அது அப்பாவின் சாரம். விடமாட்டேன் என்று நின்றேன்.

சதுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மங்கலாக்கிப் பார்த்தேன், கோட்டைத் தடிப்பாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டர் படம் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, ரி.வி.யில் போட்டு, எறும்பைப் பார்த்துப் பேசாத தமிழ்ப் பேச்செல்லாம் பேசினேன். நல்லகாலம், அங்கே ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. கடைசியில் ஒரு நாள் அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். கொம்பியூட்டரில் சதுரத் துணியைப் பீமனுடைய உடம்போடு சேர்ந்து அசையும்படி கட்ட மறந்துபோனேன். கால் அசைந்தது, சதுரம் அசையவில்லை. துணி நின்ற இடத்தில் நிற்க, பீமன் அதற்குள்ளால் நகர்ந்தான். ஊரல் இல்லை, ஒன்றும் இல்லை. தோழி கதிரையை விட்டு எழும்பி, "அதுதான்! துணி அப்படித்தான் இருக்கவேண்டும்!" என்று கத்தினாள். பிழையைத் திருத்தப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்றைக்கு இருவரும் கீழே இறங்கி, சைனாக்காரக் கடையில் நூடில்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நானும் அம்மாவும் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அப்பா வரவில்லை. "எல்லாரும் போனா வீட்டை ஆர் பாக்கிறது?" என்றார். பிறகு ஊரில் சண்டை வந்து சனமெல்லாம் இடம்பெயர்ந்து போன நேரத்தில் அவரும் நடந்து, வழியில் காய்ச்சல் கண்டு, எங்கேயோ அகதிகள் தங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து போய்ச் சேர்ந்தார். செய்தி கொழும்பைச் சுற்றி, தொலைபேசியில் எங்களுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து கனநாள். எந்த இடத்தில் எரித்தார்கள், யார் கொள்ளி வைத்தது, கொள்ளி வைத்தார்களா, ஒன்றுக்கும் தெளிவான பதில் இல்லை. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கதை சொன்னார்கள். அம்மா அதற்குப் பிறகு கதைக்கிறதைக் குறைத்துவிட்டார்.

முதல் திவசம் ஸ்காபரோவில், கார் திருத்துகிற கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. ஐயர் தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆம்பிளைப் பிள்ளை ஆர்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. நான்தான் பிள்ளை," என்றேன்.

"அப்ப சொந்தத்துக்குள்ள ஒராளைக் கூப்பிடுங்கோ அம்மா."

சித்தப்பாவின் மகன் வந்தான். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போகிற வழியில் வந்தவன். நல்ல பெடியன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஐயர் இறந்தவருடைய பெயரைச் சொல்லச் சொன்னபோது, அவன் திரும்பி, "பெரியப்பாவின்ர முழுப்பேர் என்ன அக்கா?" என்று மெல்லமாகக் கேட்டான். நான் பின்னால் இருந்து சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். எள்ளும் தண்ணீரும் அவன் விரலால் வழிந்து தட்டில் விழுந்தது. பெயர் என் வாயில், தண்ணீர் அவன் கையில். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அம்மா பக்கத்தில் இருந்தார்.

அடுத்த கிழமை ஸ்ரூடியோவுக்குப் போனதும் தோழியிடம், கிடாரத்துக் காட்சியை எனக்குத் தா என்று கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கோயிலில் நடந்ததைத் தொலைபேசியில் முதலே சொல்லியிருந்தேன். "நீதான் செய்யவேண்டும்," என்றாள்.

நான் அப்பாவின் முகத்தைப் பாண்டுவுக்கு வைத்துக் கீறினேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஓவியத்தில் அதற்கு இடமே இல்லை. நல்ல குலத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நீட்டுக் கண், ஒரே மெல்லிய சிரிப்பு. கிடாரத்துக்குள் கொதிக்கும்போதும் அதே சிரிப்பு. நான் செய்தது மிகக் கொஞ்சம். பீமன் கண் விழிக்கிறான். கிடாரத்தைப் பார்க்கிறான். கையை உள்ளே விடுகிறான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து, அவனுடைய பெருவிரலைப் பிடிக்கிறது. பீமன் தூக்குகிறான். சதுரத் துணி அசையாமல் நிற்கிறது. அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கு நான் கீறிக் கிழித்துப் போட்ட தாள்கள் ஒரு பெட்டிக்கு மேல் வரும். இந்தக் காட்சி வந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று இருந்தது எனக்கு. ஆம்பிளைப் பிள்ளை வேண்டுமாம். இந்தா, பீமனையே அனுப்புகிறேன் என்று இருந்தேன்.

முதலாளி அதைப் பார்த்தபோது கோப்பியைக் குடிக்க மறந்துவிட்டார். மூச்சைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "இது நல்லது," என்றுவிட்டுப் போனார்.

வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதைதான் பிறகு. தொலைக்காட்சிக்காரர் படத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குப் போடுகிற நேரமாம், மனிதரைக் கொதிக்க வைக்கிற காட்சி கூடாதாம். முதலாளி டோனட் பெட்டி ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். டோனட் வந்தாலே கூடாத செய்தி என்று எங்களுக்குத் தெரியும்.

"எல்லாவற்றிலும் சிறந்த காட்சி அதுதான். எனக்கு மிகவும் மனவருத்தம்," என்றார்.

"நெருப்பை எடுத்துவிடுகிறேன். கொதிப்பதை எடுத்துவிடுகிறேன். கை மட்டும் இருக்கட்டும்," என்றேன்.

"நேரம் இல்லை. வாசலில் இருந்து நேரே தேவலோகத்துக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது."

நான் தோழியைப் பார்த்தேன். அவளுடைய கதை, அவளுடைய பெரியப்பாவின் துணி. அவள் ஒரு சொல் சொன்னால் முதலாளி யோசிப்பார். அவள் டோனட்டை இரண்டாகப் பிய்த்தபடி, "சரி, வெட்டுங்கள்," என்றாள்.

படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கு மன்னிக்கவில்லை.

"என் பெரியப்பாவா? உல்லாசப் பயணிக்குத் துணி நீளம் என்றால் துண்டு துண்டாக வெட்டித்தான் விற்கிறார். கேட்டால் மணிக்கூட்டு முகத்திலும் வரைந்து கொடுப்பார். நீ என்ன அவரைக் கோயில் என்று நினைத்தாயா? படம் ரி.வி.யில் வரட்டும். வந்தால்தான் அடுத்த படம் எனக்கு. நான் இந்த நாட்டில் இன்னும் இருக்கவேண்டும்."

"பாண்டு இல்லாமல் என்ன கதை?"

"துணியில் இருக்கிறார்தானே. ஓரத்தில், சின்னதாக. பார்க்கத் தெரிந்தவர் பார்க்கட்டும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கத்தினேன். அவளும் கத்தினாள். நான் தமிழில், அவள் தன் பாஷையில். ஒருத்தருக்கும் மற்றவர் சொன்னது விளங்கவில்லை, ஆனாலும் இருவரும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை.

அந்தக் காட்சியை வீடியோ நாடாவில் ஒரு பிரதி எடுத்துத் தரும்படி முதலாளியைக் கேட்டேன். "நிச்சயமாக, நாளைக்கு," என்றார். அந்தக் காலத்தில் கொம்பியூட்டருக்குள் இடம் என்றால் பொன். அந்த 'நாளைக்கு' வந்தபோது கிடாரத்தை அழித்து, அந்த இடத்தில் திரும்பவும் சீரியல் முயலை ஏற்றியிருந்தார்கள். பென்சில் தாள்கள் சட்டப்படி ஸ்ரூடியோவுக்குச் சொந்தமாம். எங்கே வைத்தார்களோ, எறிந்தார்களோ, நான் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

படத்தை ஒரு வசந்தகாலப் பின்னேரம் போட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டு அன்ரியையும் அவருடைய பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு, வடை சுட்டு வைத்திருந்தார். பிள்ளையின் படம் ரி.வி.யில் வருகிறது என்று தெருவுக்கே சொல்லியாயிற்று. முயலுக்கு இல்லாத மரியாதை பீமனுக்கு.

துணி விரிந்தது. மேகச் சுருள் எல்லாம் இருந்தன, முதலாளி கவனிக்கவில்லை போல. வாசலில் பீமன் கண் விழித்தான். "ஆ, சாரம்!" என்றார் அம்மா. சதுரம் ஒன்று கூட ஊரவில்லை. "வடிவாயிருக்கு," என்றார் அன்ரி. குந்தி அழுதாள், பீமன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று ஆங்கிலத்தில் சத்தியம் பண்ணினான். காவல்காரனை அடித்தான். பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு வெட்டு. தேவலோகம். பீமன் தீர்த்தக் குடத்தோடு தனிய நின்றான். இசை பெரிதாக வந்து, எழுத்துகள் ஓடத் தொடங்கின.

"அவ்வளவும்தானோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"தண்ணியும் கையுமா நிக்கிறான். தேப்பன் எங்கை?"

அன்ரியின் பேரப்பிள்ளைகளில் சின்னவள் அம்மாவைப் பார்த்து, "He won, அம்மம்மா, it's over," என்றாள்.

"என்னத்தை வெண்டவன்? தேப்பனை அங்கையே விட்டிட்டுத் தான் மட்டும் மேல வந்திட்டானோ?"

அம்மா பீமனைத்தான் கேட்டார். சத்தியமாகப் பீமனைத்தான். ஆனால் கேட்டுமுடிந்ததும் அவருடைய முகம் மாறியது. வடைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி இருந்தார். அன்ரி பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, "பேந்து வாறம்" என்று எழும்பிவிட்டார். ரி.வி.யில் என்னுடைய முயல் குதித்துக்கொண்டு வந்தது. போய் நிறுத்தினேன்.

"இல்லையம்மா, கூட்டிக்கொண்டு வந்தவன்," என்றேன். "நான் கீறினனான். அவங்கள் வெட்டிப்போட்டாங்கள்."

"ஆரைக் கேட்டு வெட்டினவங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"அப்ப எனக்குக் காட்டு."

காட்ட என்னிடம் என்ன இருந்தது? நாடா இல்லை, தாள் இல்லை. முதலாளியில், தோழியில், ஐயரில், வீட்டைப் பார்க்க நின்ற அப்பாவில், எல்லாரிலும் கோபம் கோபமாக வந்தது. அம்மாவின் மடியில் இருந்த தட்டை வாங்கி அப்பால் வைத்தேன். அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன். "இதுதான் கிடாரம்," என்று அவருடைய இரண்டு கைகளையும் வட்டமாகப் பிடிக்க வைத்தேன். "கொதிக்குது. உள்ளுக்குள்ளை அப்பா. பீமன் வாறான். யோசிக்கேல்லை. இப்பிடிக் கையை விடுறான்." என் கையை அந்த வட்டத்துக்குள் விட்டேன். "அவர் பெருவிரலைப் பிடிக்கிறார். பிடிச்ச உடன தூக்குறான்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வட்டத்தை விட்டு, என் பெருவிரலைப் பிடித்துத் தடவினார்.

"கை சுட்டிருக்குமே, பிள்ளை?"

"ஓமம்மா," என்றேன். "சுட்டதுதான்."